புல்வெளியும் நம் ஊர்க் கிணறும்

(இளைஞர்களின் மலைப் பயணத்தை முன்னிட்டுப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



வரும் சனிக்கிழமை வனத்துறையின் அனுமதியுடன் பழனி மலைக்குச் செல்கிறோம். கொடைக்கானல் ஏரியில் படகு விடுவதற்கல்ல. நம் வயலுக்கும் கிணற்றுக்கும் உயிரான மஞ்சளாறு அந்த மலையில்தான் பிறக்கிறது. அது பிறக்கும் விதத்தை நேரில் காணவே போகிறோம்.

மேலே சென்றால் சரிவெங்கும் புல்லைக் காண்பீர்கள். பள்ளங்களிலும் மடிப்புகளிலும் மட்டும் குட்டை மரங்கள் நெருங்கிய சோலை. மரங்கள் ஏன் புல்வெளியில் ஏறவில்லை? அங்கே நின்று இதைக் கேளுங்கள். திறந்த சரிவில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழும், இளங்கன்று கருகிவிடும். காட்டுத்தீ வந்தாலும் அதே கதிதான். புல்லோ மேலே கருகினாலும் வேரிலிருந்து மறுபடி தளிர்க்கும். அந்தப் புல்லை வரையாடு மேய்கிறது, வரையாட்டைச் சிறுத்தை பிடிக்கிறது, மடிந்ததெல்லாம் மண்ணாகிப் புல்லுக்கே உரமாகிறது. கல்லூரியில் சூழலியல் என்று சொல்லும் பாடத்தின் முதல் பக்கம் இதுதான்.

அந்தக் கரிய மண் மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது. பிறகு மெல்லக் கசியவிடுகிறது. மழை நின்று பல நாளான பின்பும் ஓடையில் நீர் வருவது இதனால்தான்.

"வெறும் புல்தானே" என்று எண்ணி, வெள்ளையர் காலத்திலும் சுதந்திரத்திற்குப் பின்னும் அங்கே யூகலிப்டஸ், பைன், மலையில் சீகை எனப்படும் வாட்டில் ஆகியவற்றை நட்டார்கள். விறகு கிடைத்தது, தோல் பதனிடப் பட்டையும் கிடைத்தது. மறுப்பதற்கில்லை. ஆனால் நீலகிரியில் கிளன்மார்கன் என்னுமிடத்தில் புல்வெளியையும் யூகலிப்டஸ் நட்ட இடத்தையும் அருகருகே வைத்து அளந்தார்கள். முதல் பத்தாண்டிலேயே மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரம் நடுவதெல்லாம் புண்ணியம் என்று பள்ளி விழாக்களில் பேசுகிறோம். எந்த இடத்தில், எந்த மரம் என்று கேட்பதில்லை!

அதற்காக வாட்டிலை ஒரே நாளில் வெட்டித் தீர்க்கலாம் என்றும் எண்ண வேண்டாம். அதன் விதை பல்லாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் கூட்டமாக முளைக்கும். சில இடங்களில் அந்த அயல் மரங்களின் நிழலிலேயே சோலைக் கன்றுகள் தலையெடுக்கின்றன. இடத்திற்கு இடம் வைத்தியம் வேறு.

இதையெல்லாம் நடந்தே கற்ற ஒருவரை நம் திருச்சபை அறியும். இயேசு சபைக் குரு கே. எம். மத்தேயு அடிகளார் பல ஆண்டுகள் இம்மலையில் செடி செடியாகத் தேடி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிப் பெருநூல் எழுதினார்.

நீங்கள் நூல் எழுத வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். முதலில் புல்லடி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். பிறகு பைன் மரத்தடியில் சருகை விலக்கி, என்னென்ன முளைத்திருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். சோலைக்குள் அட்டை உண்டு. தாய்மார்கள் ஒரு முடிச்சு உப்பும் கொடுத்தனுப்புங்கள்.