ஊர்ப் பெரியவரிடம் கேட்ட கேள்வி

மானிடவியல் என்றதும் எலும்புக்கூடும் அருங்காட்சியகமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உயிர்க்கொல்லி நோயின் நடுவே அந்தப் படிப்புக்கு என்ன வேலை?

2014ஆம் ஆண்டில் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் இபோலா பரவியது. 2016க்குள் 11,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இறந்தவர் உடலிலும் அந்தக் கிருமி வீரியத்துடன் இருக்கும். அங்கோ உடலைக் கழுவி, தொட்டு வழியனுப்புவதே வழக்கம். முகமூடி அணிந்தவர்கள் வந்து உடலைப் பையில் கட்டி எடுத்துச் சென்றதும், மக்கள் நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள். அறியாமை என்று ஏசுவது எளிது. கொவிட் காலத்தில் உற்றாரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் தவித்தவர்களுக்கு இது புரியும்.

கினியில், கிசி இனக் கர்ப்பிணி ஒருவர் இபோலாவால் இறந்தார். சிசுவை வெளியே எடுத்த பிறகே புதைக்க வேண்டும் என்றது குடும்பம். அறுத்தால் தொற்றும் என்றது மருத்துவக் குழு. இரண்டிலும் நியாயம் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்துடன் பணியாற்றிய மானிடவியலாளர் ஜூலியென் அனோக்கோ, ஊராரிடம் உட்கார்ந்து பேசினார். வழக்கத்தை மீற நேர்ந்தால் பரிகாரம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் ஒரு முதியவர். ஆடு, துணி, அரிசி, உப்பு வேண்டும். செலவை நிறுவனம் ஏற்றது. பரிகாரம் நடந்தது, உடலை அறுக்காமலே அடக்கம் செய்தார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையில், குடும்பத்தாரின் சம்மதம் கிடைத்த பிறகே அடக்கப் பணியைத் தொடங்க வேண்டும் என்று எழுதப்பட்டது. முஸ்லிம்களின் உடலைத் தண்ணீரால் கழுவுவதற்குப் பதில் தயம்மும் செய்யும் முறையும் அதில் இடம்பெற்றது.