கழுத்து வலியைத் தீர்ப்பது மாத்திரையும் ஓய்வுமா, பயிற்சியா? பயிற்சியே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று மூலை முடுக்கிலிருந்தெல்லாம் லோக்கல் ரயிலில் நசுங்கி இந்த அரங்கத்துக்கு வந்திருக்கும் என் சொந்தங்களே!

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "ஒரு மாத்திரை, கழுத்துக்கு ஒரு பட்டி, பத்து நாள் ஓய்வு. வலி பறந்துவிடும்." நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, பத்து நாள் ஓய்வு யாருக்கு? தாராவிப் பட்டறையில் தோல் பை தைக்கிற தம்பிக்கு எத்தனை பையோ அத்தனை கூலி. மிஷின் நின்றால் அடுப்பும் நிற்கும். விடியுமுன்னே எழுந்து இட்லி அவித்து, அண்டாவைத் தலையில் ஏற்றித் தெருத் தெருவாகப் போகிற அண்ணாச்சிக்கு எந்த ஆபீஸ் சம்பளத்தோடு லீவு கொடுக்கும்? ஓய்வு என்பது மருந்துச் சீட்டில் எழுத எளிது. வாடகை வீட்டில் வாழ்கிறவனுக்கு அது எட்டாத விலை!

கழுத்தில் 7 எலும்பு. மேலே உட்கார்ந்திருக்கும் தலை ஏறக்குறைய 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் அவ்வளவுதான். 60 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் பாரம் 27 கிலோ என்று நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். ஓர் அரிசி மூட்டைக்கும் மேலே! மிஷின் மேல் குனிந்தவனுக்கும் அதே மூட்டைதான், செல்போன் மேல் குனிந்த காலேஜ் பிள்ளைக்கும் அதே மூட்டைதான். மாத்திரை அந்த மூட்டையை இறக்குமா? வலியை அடக்கிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சும" என்று அனுப்பி வைக்கும். பட்டியோ இன்னும் மோசம். நாள்கணக்கில் மாட்டிக்கொண்டால் தசைக்கு வேலையே இல்லை. வேலை இல்லாத தசை மெலிந்துபோகும்.

அடுத்து எழுந்த எதிரணி நண்பர் ஒரு படி மேலே போனார். "இதுக்கெல்லாம் எதுக்கு பிசியோதெரபி பயிற்சி? எங்க சலூன்ல சம்பி மாலிஷ் பண்ணி, கழுத்தை ஒரு திருப்பு திருப்பினா, டப்புனு சத்தம் வரும், வலி போயிடும்" என்றார். அடடா! 1957-ல் 'பியாசா' இந்திப் படத்தில் நடிகர் ஜானி வாக்கர் மாலிஷ்காரராக எண்ணெய்ப் புட்டியோடு வந்தாரே, அவரை இன்னும் டாக்டர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார் நம் நண்பர்! தலைக்கு எண்ணெய் தேய்க்கட்டும், காசு கொடுங்கள், நன்றி சொல்லுங்கள். ஆனால் தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை வைத்தால் உடனே நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்! கழுத்தெலும்புத் துளைகள் வழியாக மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது தமனியின் உட்சுவர் கிழியலாம், அங்கே ரத்தம் உறையலாம், பக்கவாதம் வரலாம். முடிவெட்டப் போனவன் வாய் கோணித் திரும்பி வந்தால் அந்த 'டப்' சத்தத்துக்கு யார் பொறுப்பு? எதிரணி பொறுப்பேற்குமா? கேளுங்கள் நடுவர் அவர்களே!

ஆதாரம் கேட்டார்கள். 2012-ல் அமெரிக்காவின் 'அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு. கழுத்து வலிக்காரர்கள் 272 பேர். ஒரு குழுவுக்கு மருந்து, ஒரு குழுவுக்குத் தேர்ந்த கைகளின் முதுகெலும்பு சிகிச்சை, ஒரு குழுவுக்கு வீட்டிலேயே செய்யும் பயிற்சி. 12 வாரத்தில் சிகிச்சை முடிந்தது. 26-ஆவது வாரத்தில் பார்த்தால், வீட்டில் பயிற்சி செய்தவர்களுக்கு மருந்துக் குழுவைவிட வலி குறைவு. இப்போது கைதட்டுங்கள்!

"நேரம் ஏது?" என்பீர்கள். டென்மார்க்கில் ஆபீஸ் ஊழியர்களுக்கு ரப்பர் பட்டையை இழுக்கக் கொடுத்தார்கள். நாளைக்கு 2 நிமிடம், வாரத்துக்கு 5 நாள், 10 வாரம். வலி குறைந்தது என்று 2011-ல் எழுதினார்கள். 2 நிமிடம்! செம்பூரில் கிளம்பிய வண்டி திலக் நகர் வந்து சேருகிற நேரம்.

"பிசியோதெரபி பணக்கார வைத்தியம்" என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். இந்தியாவில் இந்தப் படிப்புக்கு முதல் பள்ளி எங்கே தொடங்கியது? நம் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில், 1950-களின் தொடக்கத்தில்! மாநகராட்சி மருத்துவமனை ஐயா அது. போலியோவில் கால் விழுந்த ஏழைப் பிள்ளைகளை எழுந்து நிற்க வைக்க வந்த கலை இது. தாராவியை ஒட்டி நிற்கிற சயான் மாநகராட்சி மருத்துவமனையிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. ஹீட் கொடுக்கிற மிஷின்தான் பிசியோதெரபி என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. மிஷின் துணைக்கு வருவது. குணமாக்குவது பயிற்சி.

இதோ, இங்கேயே செய்வோம். நிமிர்ந்து உட்காருங்கள். பார்வை நேரே. குனியாமல் தாடையை மட்டும் பின்னால் இழுங்கள். 5 எண்ணுங்கள். விடுங்கள். கழுத்தெலும்பின் முன்புறம், உணவுக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தசைகள் இப்போது வேலை செய்தன. வலி நாள்பட்டவர்களுக்குச் சோர்ந்துபோவது இந்தத் தசைகள்தான். காசு கேட்டேனா? கை மரத்துப்போனால், நடை தடுமாறினால், காய்ச்சலோடு வலித்தால், விழுந்து அடிபட்டிருந்தால் இதைச் செய்யாதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள் என்று முதலில் சொல்லி அனுப்புகிறவரும் நல்ல பிசியோதெரபிஸ்ட்தான்.

அரங்கத்தில் பட்டறை முதலாளிகள் இருக்கிறீர்கள். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் மிஷினை நிறுத்துங்கள். தைக்கிற பிள்ளைகள் எழுந்து கழுத்தையும் தோளையும் அசைக்கட்டும். அவர்கள் கழுத்து நிமிர்ந்தால்தான் உங்கள் தொழில் நிமிரும்.

நடுவர் அவர்களே! ஓய்வெடுக்க வசதி உள்ளவனுக்கு எதிரணி ஆயிரம் வழி சொல்லும். நாளைக் காலை மறுபடியும் மிஷினில் உட்கார்ந்தே ஆகவேண்டியவனுக்கு எங்கள் அணி சொல்லும் வழி ஒன்றுதான்: பயிற்சி. அவன் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள்.