கிட்டங்கியும் அரசாணையும்



தடையற்ற சந்தையையும் அரசின் தலையீட்டையும் பற்றிப் பேச மல்லாங்கிணற்றைத் தேர்ந்தெடுத்த அமைப்பாளர்களுக்கு முதலில் என் நன்றி. மாநிலத்துக்கு ஒரு நிதியமைச்சரைத் தந்த பேரூராட்சி இது. வரவு செலவுத் திட்டம் இங்கே அந்நியப் பேச்சல்ல. ஆனாலும் நான் மகிழ்வதற்குக் காரணம் இவ்வூரின் மண். வற்றாத ஆறு இப்பக்கம் கிடையாது. கண்மாய் பெருகினால் நெல். இல்லாவிட்டால் மானாவாரிக் காட்டில் உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மக்காச்சோளம், மல்லி, குதிரைவாலி. பக்கத்திலேயே விருதுநகர். அந்த ஊரின் பருப்பு விலையையும் வத்தல் விலையையும் நாளிதழ்கள் வாராவாரம் போடுகின்றன. ஐப்பசி ஈரத்தில் விதைத்துத் தை, மாசியில் அறுக்கிற சம்சாரியின் ஓராண்டு உழைப்புக்கு என்ன மதிப்பு என்பது அந்த விலைப் பட்டியலில்தான் தெரியும். சந்தையைப் பற்றிய எந்தக் கோட்பாட்டையும் இப்படிப்பட்ட இடத்தில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசித்தவருக்கு அரிசி கொடுப்பது அரசின் கடமை. சரக்கை வாங்கி இருப்பு வைக்கிறவரின் கையைக் கட்டுவது வேறு காரியம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் அதிகம் நஷ்டப்பட்டவர் மானாவாரிச் சம்சாரி.

இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரும் சோதனை 1952இல் நடந்தது. அந்த ஏப்ரலில் ராஜாஜி சென்னை மாநில முதலமைச்சரானார். சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. உலகப் போர்க் காலத்தில் வந்த ரேஷனும் தானியக் கட்டுப்பாடும் அப்போதும் நீடித்தன. நெல்லை விருப்பப்படி மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோக முடியாது. அரசு சொன்ன விலைக்கு, அரசு கேட்ட அளவை, விளைவித்தவர் அளந்தாக வேண்டும். மழை பொய்த்த ஆண்டுகள் வேறு. இந்த நிலையில், பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகாத ஜூன் மாதத்தில், அவர் கட்டுப்பாட்டை எடுத்தார். பற்றாக்குறைக் காலத்தில் இப்படிச் செய்தால் பஞ்சம் வரும் என்று எச்சரித்தவர்கள் பலர். மத்திய உணவு அமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார். பதுங்கியிருந்த நெல் வெளியே வந்தது. பயந்தபடி பஞ்சம் வரவில்லை. 1954க்குள் நாடு முழுவதும் உணவுக் கட்டுப்பாடு விலகியது. அடுத்து வந்த நல்ல விளைச்சலுக்கும் இதில் பங்கு உண்டு. கட்டுப்பாட்டை நீக்கியதால் கிடைத்தது எவ்வளவு, மழையால் கிடைத்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் நல்ல தமிழ் ஆய்வு ஒன்று நமக்கு வேண்டும்.

அதே ராஜாஜிதான் வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்றும் வாதாடினார். நெல்லுக்கு விடுதலை, நெசவுக்கு வேலி. அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீடுகளில் அந்த வாதத்துக்கு இருந்த மதிப்பை நூல் விலை ஏறி இறங்குவதைக் கண்டவர்கள் அறிவார்கள். இதை முரண்பாடு என்று தள்ளிவிடுவது எளிது. நான் அப்படித் தள்ளமாட்டேன். அவர் சந்தையை ஒரு சித்தாந்தமாகப் பிடித்துக்கொண்டவரல்ல. எந்தச் சரக்கில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று பார்த்தவர். நம் விவாதங்களில் குறைவாக இருப்பது அந்தப் பார்வைதான்.

1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் கூட்டுறவுக் கூட்டுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. அவ்வாண்டே மினு மசானி, என்.ஜி. ரங்கா ஆகியோருடன் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். லைசென்ஸ், பர்மிட், கோட்டா ராஜ்யம் என்று அவர் சொன்ன கண்டனம் இன்றும் வழக்கில் இருக்கிறது. பொருளியலாளர்களில் பி.ஆர். ஷெனாய், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தாங்கமுடியாத அளவுக்குப் பெரிது என்று 1955இலேயே தனி மறுப்புக் குறிப்பு எழுதியிருந்தார். 1967 தேர்தலில் சுதந்திராக் கட்சி மக்களவையில் 44 இடங்கள் பெற்றது. தமிழகத்தில் அது தி.மு.க.வோடு கூட்டணி. தி.மு.க.வின் வாக்குறுதியோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி. அந்தத் தேர்தலில்தான் காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகரில் பெ. சீனிவாசனிடம் தோற்றார். கட்டுப்பாட்டை எதிர்த்தவரும் மலிவு அரிசி தருவேன் என்றவர்களும் ஒரே மேடையில் நின்றது வெறும் தேர்தல் கணக்கு என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் ஒரு பாடம் தெரிகிறது. மக்கள் கேட்டது அரிசி. அதைச் சந்தை தருகிறதா, அரசு தருகிறதா என்பது அவர்களுக்கு இரண்டாவது கேள்வி. சுதந்திராக் கட்சிக்கு நிலமும் ஆலையும் உள்ளவர்களின் குரல் இருந்தது. குறுக்கம் இரண்டு வைத்திருக்கும் மானாவாரிச் சம்சாரியின் குரலாக அது மாறவேயில்லை. அதனால்தான் இந்தச் சீமையில் அது நிலைக்கவில்லை.

இனி அண்மைக் காலத்துக்கு வருகிறேன். 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பண்டங்கள் சட்டப்படி மத்திய அரசு 2023 ஜூன் 2 அன்று துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு விதித்தது. மொத்த வியாபாரி ஒவ்வொரு பருப்பிலும் 200 டன், சில்லறைக் கடைக்காரர் 5 டன். செப்டம்பர் கடைசியில் மொத்த வியாபாரியின் வரம்பு 50 டன்னாகக் குறைந்தது. அந்த நாட்களில் இங்கே சம்சாரி மேகத்தைப் பார்த்துக்கொண்டு விதை உளுந்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். 2024 ஜூனில் துவரைக்கும் கொண்டைக்கடலைக்கும் மறுபடி வரம்பு வந்தது.

கமிஷன் மண்டியில் ஒரு மூட்டை உளுந்து எப்படி விலையாகிறது என்று பாருங்கள். குத்தூசியைச் சாக்கில் சொருகி எடுக்கிறார்கள். உள்ளங்கையில் கொட்டிய மணிகளை வெளிச்சத்துக்குக் காட்டுகிறார்கள். கல், மண், சொத்தை எவ்வளவு என்று விரலால் தள்ளிப் பார்க்கிறார்கள். ஒரு மணியைப் பல்லால் கடிக்கிறார்கள். நொறுங்கினால் காய்ந்த சரக்கு. அமுங்கினால் ஈரம், கிட்டங்கியில் வைத்தால் வண்டு விழும். அந்தக் கடியில் அறுப்பின்போது பெய்த மழையும், களத்தில் காய்ந்த நாட்களும், எத்தனை மாதம் வைத்து விற்கலாம் என்ற கணக்கும் அடங்கியிருக்கின்றன. சமுதாயத்தின் அறிவு இப்படித்தான் எண்ணற்ற கைகளில் சிதறிக் கிடக்கிறது, விலைதான் அதைத் திரட்டுகிறது என்று ஹாயெக் 1945இல் எழுதிய கட்டுரையை வகுப்பறையில் படிக்கிறோம். விருதுநகர்த் தெருவில் அது தினமும் நடக்கிறது. தில்லியிலிருந்து வந்த ஐம்பது டன் என்கிற எண்ணுக்கு இந்த அறிவு எதுவும் கிடையாது.

பதுக்கலே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. நாலைந்து பேர் கூடிப் பேசிச் சரக்கை முடக்கினால் அதைத் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் அறுப்புக் காலத்தில் வாங்கி ஆடி, ஆவணியில் விற்கிற ஒவ்வொருவரையும் பதுக்கல்காரர் என்று கருதினால், தை மாதம் களத்தில் குவியும் உளுந்தை வாங்கத் துணிகிறவர் யார்? ஓர் ஆணை முடிந்தாலும் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் வியாபாரியிடம் தங்கிவிடுகிறது. அந்தப் பயத்தின் விலையைச் சம்சாரிதான் கொடுக்கிறார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2006 முதல் 2017 வரை பருப்பு ஏற்றுமதிக்குத் தடை இருந்தது. இறக்குமதியோ அந்தக் காலத்தில் பெரும்பாலும் தீர்வையில்லாமலே வந்தது. அன்று விலை ஏறினால் பர்மா உளுந்து கப்பலில் வரலாம். விலை இறங்கினால் நம் உளுந்து வெளியே போகக்கூடாது. இதைச் சந்தைப் பொருளாதாரம் என்றும் சொல்ல முடியாது, சம்சாரிக்கான பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. இறக்குமதி வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. கதவு திறந்தால் இரண்டு பக்கமும் திறக்கட்டும் என்கிறேன். அரவிந்த் சுப்பிரமணியன் குழு 2016இல் ஏற்றுமதித் தடையையும் இருப்பு வரம்பையும் நீக்கச் சொன்னது. 2020இல் வந்த சட்டத் திருத்தம் இருப்பு வரம்பை மிகச் சில நிலைமைகளுக்குள் அடக்கியது. ஆனால் சம்சாரிகளிடம் பேசாமல் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்ததால், மற்ற இரு வேளாண் சட்டங்களோடு அதுவும் 2021இல் ரத்தானது. நல்ல திருத்தத்தைக்கூட மக்களிடம் கேட்காமல் செய்தால் நிற்காது.

அரசு இல்லாமல் பொதுக் காரியம் நடக்குமா என்ற கேள்விக்கு இந்த வட்டாரமே பதில் வைத்திருக்கிறது. சிவகாசி, விருதுநகர், சாத்தூர், திருமங்கலம், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி ஆகிய ஆறு ஊர்களிலும் நாடார் உறவின்முறையார் மூட்டைக்கு இவ்வளவு என்று தமக்குத் தாமே மகமை விதித்துக்கொண்டார்கள். வண்டிகளும் சரக்கும் தங்கப் பேட்டைகள் எழுந்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார். வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியும் அந்தப் பள்ளியை நடத்தியது. இதைவிடச் சிறந்த தன்னார்வ வரி முறையை எந்தச் சந்தைவாதியும் காட்ட முடியாது. அதன் எல்லையையும் மறைக்க மாட்டேன். மகமை ஒரு சாதிக்குள் நடந்த ஏற்பாடு. மூட்டை தூக்கியவர்களில் பலருக்கு அந்தக் கூட்டத்தில் இடமில்லை. 1899 சிவகாசிக் கொள்ளையின்போது உயிரையும் கடையையும் காக்க ஊர்க் கட்டுப்பாடு போதவில்லை, போலீஸ் வேண்டியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி, எல்லாருக்கும் ரேஷன் என்பதை அரசால்தான் தர முடிந்தது. 1997இல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கென்று பிரித்தபோது தமிழ்நாடு அதை அனைவருக்குமாக வைத்துக்கொண்டது. அதைச் சரியென்றே கருதுகிறேன். கார்டுக்கு அரிசி போட்டதால் எந்த வியாபாரியின் கிட்டங்கியும் பூட்டப்படவில்லை.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை படிக்கும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த வட்டாரத்துப் பழைய கடைகளில் மகமைக் கணக்கும் கொள்முதல் பேரேடும் பரணில் கிடக்கின்றன. கரையான் அரிக்கிறது, கடை கைமாறும்போது எடைக்குப் போகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஏலப் பதிவேடுகள் இருக்கின்றன. இவற்றைப் படியெடுங்கள். இருப்பு வரம்பு வந்த ஆண்டுகளில் தை, மாசி விலை என்ன ஆயிற்று, வராத ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்று வாரம் வாரமாக அடுக்கிக் காட்டுங்கள். நான் சொன்னது தவறென்று அந்தக் கணக்கு சொன்னால் அதையும் அச்சிடுங்கள். அடுத்த அறுவடைக்குள் இந்த வேலையைத் தொடங்குங்கள்.