தேடுறவங்க கண்ணுல படணும்

மைக் பிடிச்சுப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எங்க குழு உடன்குடிப் பக்கம். கருப்பட்டித் தொழில். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரியும். பேர் வந்தா சரக்கு தானா போயிரும்னு நினைச்சோம். கடன் வாங்கி 300 கிலோ காய்ச்சினோம். வெப்சைட்டும் போட்டோம். ஐப்பசி மழை தொடங்கியப்போ பாதிக்கு மேல பரண்லயே இருந்தது. கருப்பட்டிக்கு ஈரம் ஆகாது, இளகிரும். தவணைத் தேதி வேற நெருங்குது.

அப்போ ஒருத்தர் போன் பண்ணி, “கூகுள்ல முதல் இடத்துக்குக் கொண்டு வர்றேன், 15,000 ரூபாய்” என்றார். முன்பணமா 5,000 கொடுத்தோம். அதோட போனை எடுக்கவே இல்லை. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு. நாங்க அதைப் பணம் போன பிறகுதான் படிச்சோம்.

அப்புறம் எங்க பொருளாளர் அக்கா மகள், காலேஜ் படிக்கிற பொண்ணு, உட்கார்ந்து பார்த்தாள். விலை, வகை எல்லாத்தையும் நோட்டீஸ் மாதிரி ஒரே படமா போட்டிருந்தோம். மனுசங்க படிச்சிருவாங்க, கூகுள் அதைச் சரியா எடுத்துக்காது, எழுத்தா அடிச்சுப் போடணுமாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு ‘முகப்பு’ன்னே இருந்தது. கடை போர்டுல வெறும் ‘கடை’ன்னு எழுதின மாதிரி!

‘சர்ச் கன்சோல்’னு கூகுள் இலவசமா ஒரு கருவி தருது. என்ன சொல்லைத் தேடும்போது நம்ம பக்கம் வருதுன்னு அதுல தெரியும். நாங்க ‘தரமான பாரம்பரியத் தயாரிப்பு’ன்னு எழுதியிருந்தோம். அப்படி ஒருத்தரும் தேடலை. ‘கருப்பட்டி விலை’, ‘அசல் கருப்பட்டி கண்டுபிடிப்பது எப்படி’, ‘பனை வெல்லம்’ — இப்படித்தான் தேடுறாங்க. பனை வெல்லம்ங்கிற சொல்லே எங்க எழுத்துல எங்கேயும் இல்லை!

உட்கார்ந்து எழுதினோம். பதனீர் புளிக்காம இருக்கக் கலயத்துல சுண்ணாம்பு தடவுறது, காய்ச்சிச் சிரட்டையில ஊத்துறது, சிலர் சீனி கலக்குறது, மழைக்காலத்துல எப்படிப் பத்திரப்படுத்துறது, எல்லாமே. எங்க குழுவிலேயே மூத்த அக்காவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். அவங்க சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு அடிச்சாள். அதுக்கு ஒரு பைசா செலவில்லை.

அடுத்தது வேகம். போன்ல எடுத்த படம் ஒவ்வொண்ணும் 5 எம்.பி. பக்கம் திறக்கிறதுக்குள்ள வந்தவங்க போயிடறாங்க. 150 கே.பி.க்குச் சுருக்கினோம். அப்படியும் பொங்கல் சமயத்துல, நாலு பேர் வாங்க வர்ற நேரம் பார்த்து, தளம் படுத்துருச்சு. ஹோஸ்டிங் என்பது நம்ம தளம் குடியிருக்கிற வாடகை வீடு. சல்லிசா கிடைக்குதேன்னு எடுத்தது, ஒரே கிணத்துல ஊரே தண்ணி இறைக்கிற கதையாப் போச்சு. மும்பையில சர்வர் இருக்கிற வேற இடத்துக்கு மாறினோம். மாசம் சில நூறு ரூபாய் கூடுதல். குழுக் கூட்டத்துல பெரிய சண்டையே இதுக்குத்தான். நானே முதல்ல வேண்டாம்னுதான் சொன்னேன்.

இன்னொண்ணு. தளத்தோட பேரை, அதான் டொமைன், குழு பேர்லயே பதிவு பண்ணுங்க. பாஸ்வேர்டு தீர்மான நோட்டு மாதிரி நம்ம கையில இருக்கணும்.

உடனே ஒண்ணும் நடக்கலை. அந்த வருசச் சரக்குல 40 கிலோ இளகி, நஷ்டத்துக்குத்தான் கொடுத்தோம். மூணு மாசம் கழிச்சு திருச்சியிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டாங்க. “சீனி கலக்கிறதைப் பத்தி நீங்களே எழுதியிருந்தீங்க, அதான் உங்ககிட்ட வாங்கலாம்னு” என்றார்கள். அடுத்த சீசன் சரக்கு புரட்டாசிக்குள்ள தீர்ந்தது. தவணையும் தவறலை.

ஊறுகாய்க் குழு, பாய்க் குழுவெல்லாம் வந்திருக்கீங்க. உங்க பொருளை வெளியூர்க்காரங்க என்ன பேர் சொல்லிக் கேட்கிறாங்கன்னு ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் அந்தப் பொண்ணும் பந்தல் ஓரத்துலதான் உட்கார்ந்திருப்போம்.