கழிவுநீர் உரைக்கும் செய்தி

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

விழா மேடையில் சாக்கடையைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் பிள்ளைகளின் கால்களைக் காக்கும் செய்தி அதில் இருப்பதால் பேசத் துணிகிறேன்.

இளம்பிள்ளை வாதம் என நாம் அழைக்கும் போலியோவின் வைரஸ் குடலில் பெருகி, மலத்தின் வழியே வெளியேறுவது. தொற்று ஏற்பட்டோரில் பெரும்பாலோர்க்கு நோய்க்குறி எதுவும் தோன்றாது. நூற்றுக்கணக்கானோரில் ஒருவர்க்கே கைகால் முடங்கும். ஆகவே, முடங்கிய முதற்குழந்தையை மருத்துவர் காணும் நாளில், வைரஸ் பல வீடுகளைக் கடந்திருக்கும். நலமாய்த் திரியும் பிள்ளைகளின் கழிவிலும் அது இருப்பதால், நகரின் கழிவுநீரைச் சிறிதளவு எடுத்துச் சோதித்தாலே அதன் நடமாட்டம் புலப்பட்டுவிடும்.

2022 ஆம் ஆண்டு இலண்டனில் நிகழ்ந்தது இதுவே. ஏறத்தாழ 40 இலட்சம் மக்களின் கழிவுநீர் சென்றுசேரும் பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்தில், பிப்ரவரி முதல் எடுத்த மாதிரிகளில் ஒன்றோடொன்று தொடர்புடைய போலியோ வைரஸ்கள் அடுத்தடுத்துத் தென்பட்டன. வைரஸ் மக்களிடையே பரவுகிறது என்பது விளங்கிற்று. ஒருவரும் முடங்கவில்லை. எனினும் ஆகஸ்டு மாதத்தில், நகரின் 1 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கூடுதல் தவணைத் தடுப்பூசி அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ராக்லாந்து பகுதியில், தடுப்பூசி போடாத இளைஞர் ஒருவர் போலியோவால் முடங்கினார். வேறு நோக்கத்திற்காகச் சேகரித்து வைத்திருந்த கழிவுநீரைப் பின்னர்ச் சோதித்தபோது, அவர் நோயுறுவதற்கு முன்பே வைரஸ் அங்கு இருந்தமை தெரிந்தது. அப்பகுதியின் 2 வயதுக் குழந்தைகளுள் மூன்று தவணைகளை முடித்திருந்தோர் 60 விழுக்காட்டளவே.

இவ்விரு இடங்களிலும் கண்டது, சொட்டு மருந்திலுள்ள வலுவிழந்த வைரஸிலிருந்து திரிந்த வகை. இதைக் கேட்டுச் சொட்டு மருந்துக்கு அஞ்ச வேண்டா. தடுப்பாற்றல் பெறாதோர் மிகுந்த இடத்தில் நெடுநாள் பரவும்போதுதான் அது திரிந்து வலிமை பெறுகிறது. எல்லாப் பிள்ளைகளும் தவணைகளை முடித்த ஊரில் அதற்கு வழியில்லை.

நம் நாட்டில் மும்பை நகரின் கழிவுநீர் 2001 முதலே இவ்வாறு கண்காணிக்கப்படுகிறது. 2011 ஜனவரிக்குப் பின் இயற்கைப் போலியோ வைரஸால் இந்தியாவில் ஒரு குழந்தையும் முடங்கவில்லை. 2014 மார்ச் 27 அன்று சான்றும் கிடைத்தது. ஆயினும் அண்டை நாடுகளான பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அவ்வைரஸ் இன்னும் அழியவில்லை.

கழிவுநீர் எச்சரிக்கும்; காப்பாற்றாது. எந்தப் பகுதியில் வைரஸ் உலவுகிறது என்று அது கூறும்; எந்த வீட்டுக் குழந்தைக்குத் தவணை விட்டுப்போயிற்று என்று கூறாது. அதைக் கூறுவது உங்கள் வீட்டிலுள்ள தடுப்பூசி அட்டை. பிறந்தவுடனும், 6, 10, 14 ஆம் வாரங்களிலும், பின்னர் 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் சொட்டு மருந்து தரப்பெறுகிறது. போலியோ ஊசி தனியே உண்டு. பணிமாற்றத்தாலோ, பேறுகாலம் முடிந்து ஊர் திரும்பியதாலோ ஒரு தவணை தவறியிருந்தால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

விழா முடிந்து இல்லம் சேர்ந்ததும் அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். வெற்றிடம் ஏதேனும் இருப்பின், இவ்வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்குக் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். தாத்தா பாட்டியரே, பெற்றோர்க்கு ஓய்வில்லையெனில் அப்பொறுப்பை நாம் ஏற்போம்.