கிராமக் குப்பையும் வீட்டுக் கட்டணமும்



கிராமங்களில் குப்பை என்ற சொல்லுக்கு நெடுங்காலம் எரு என்றே பொருள். சாணமும் சாம்பலும் வைக்கோல் கழிவும் காய்கறித் தோலும் குழியில் சேர்ந்து மக்கின. உழவுக்கு முன் வண்டியேறி வயலுக்குச் சென்றன. ஒரு வீட்டின் குப்பைமேடு அவ்வீட்டின் உடைமையாக இருந்தது. அதை அள்ளிச் செல்ல விரும்பியவரே விலை கொடுத்தார். அதே கிராமத்தில் இன்று, குப்பையை வாங்கிச் செல்வதற்கு மாதந்தோறும் பணம் செலுத்துமாறு ஊராட்சி கேட்கிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் ஏன் நிகழ்ந்தது, கேட்கப்படும் பணம் நியாயமானதா, அதைச் செலுத்த இயலாதவர் நிலை என்ன என்பன ஊரக வளர்ச்சியில் ஈடுபட்ட அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்கள்.

மாறிய குப்பை

முதலில் மாறியது மக்களின் மனம் அன்று. குப்பையின் தன்மையே மாறியது. எண்ணெயும் பாலும் மாவும் சீயக்காயும் ஒரு காலத்தில் பாத்திரத்திலும் தாளிலும் வந்தன. இன்று பிளாஸ்டிக் உறைகளில் வருகின்றன. இரும்பு, புட்டி, பழைய தாள் ஆகியவற்றைப் பழைய சாமான் வியாபாரி வாங்கிக் கொள்கிறார். ஆனால் பிளாஸ்டிக்கும் அலுமினியத் தகடும் ஒட்டிய சிறு உறைகளை அவரும் தொடுவதில்லை. அவை வாய்க்காலை அடைக்கின்றன. மாட்டின் வயிற்றில் தங்குகின்றன. அடுப்பிலோ தெருமுனையிலோ எரித்தாலும் தீங்கே. பி.வி.சி. கலந்த பொருள்கள் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்ஸின் போன்ற நச்சுப் பொருள்கள் உண்டாகின்றன.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். மக்கும் குப்பைக்குக் கிராமத்தில் இன்றும் இடமுண்டு. அதை வீட்டுத் தோட்டத்திலேயே உரமாக்கலாம். வெளியே செல்ல வேண்டியது மக்காத குப்பை மட்டுமே. கழுவி உலர்த்தி வைத்தால் அது அழுகுவதில்லை. மாதம் ஓரிரு முறை எடுத்தாலே போதும். நகரத்தைப் போல நாள்தோறும் வண்டி வரத் தேவையில்லாததால், கிராமத்தில் இப்பணியைக் குறைந்த செலவில் நடத்த இயலும்.

சட்டம் சுமத்திய பொறுப்பு

1992இல் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பதினோராவது அட்டவணையில் 29 பொருள்களை ஊராட்சிகளுக்கு உரியனவாக வகுத்தது. சுகாதாரமும் துப்புரவும் அவற்றுள் 23ஆவது. வரியும் கட்டணமும் விதிக்கும் அதிகாரத்தை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிக்கு வழங்கலாம் என 243-எச் பிரிவு கூறுகிறது. எனினும் 2000ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் நகராட்சிப் பகுதிகளை மட்டுமே கருத்திற்கொண்டன. 2016இல் வெளியான பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே கிராம ஊராட்சியையும் இப்பொறுப்புக்குள் கொண்டுவந்தன. கழிவை உண்டாக்குவோர் உள்ளாட்சியின் துணைவிதிகள் குறிக்கும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்னும் கொள்கையை அதே ஆண்டின் திடக்கழிவு விதிகள் வகுத்தன.

முதலீடும் நடைமுறைச் செலவும்

பொறுப்பு வந்தது, பணம் எங்கிருந்து வரும்? 2020இல் ஒப்புதல் பெற்ற ஊரகத் தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டம், 5,000 வரை மக்கள்தொகை உள்ள கிராமங்களுக்குத் திடக்கழிவுப் பணிக்காக நபர் ஒருவருக்கு 60 ரூபாய் வரையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 45 ரூபாய் வரையும் அனுமதித்தது.

450 வீடுகளும் 1,800 மக்களும் உள்ள ஓர் ஊரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இக்கணக்கின்படி அவ்வூருக்குக் கிடைக்கக்கூடியது 1,08,000 ரூபாய். இத்தொகை ஒரு முறை கிடைப்பது. இதனால் மிதிவண்டி வாங்கலாம், கொட்டகை போடலாம், உரக்குழி கட்டலாம். ஆனால் அடுத்த மாதக் கூலியை இதிலிருந்து தர இயலாது.

15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 விழுக்காடு குறிப்பிட்ட பணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அதில் ஒரு பாதி துப்புரவுக்கும் மறுபாதி குடிநீருக்கும் உரியது. வீட்டுக் கழிவு மேலாண்மையும் துப்புரவுப் பங்கில் அடங்கும். ஆயினும் கழிப்பறைப் பராமரிப்பும் மலக்கசடு அகற்றலும் அதே பங்கையே எதிர்பார்த்து நிற்கின்றன. ஆகவேதான் வீட்டுக் கட்டணம் என்னும் எண்ணம் எழுகிறது.

150 வீடுகளுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்பது தமிழ்நாடு வகுத்துக் கொண்ட அளவு. அங்கு ஊதியம் அரசு நிதியிலிருந்து தரப்படுகிறது. அந்த அளவின்படி நம் எடுத்துக்காட்டு ஊருக்கு மூன்று பணியாளர் வேண்டும். வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் முழுமையாக வசூலானால் 22,500 ரூபாய் சேரும். ஆளுக்கு 7,500 ரூபாய் கிடைக்கும். பாதி வீடுகளே செலுத்தினால் அது 3,750 ரூபாயாகச் சுருங்கும். கட்டணத்தை மட்டுமே நம்பி இப்பணியை நடத்தினால், செலுத்தாத வீட்டின் சுமை ஊராட்சி மீது விழுவதில்லை. குப்பை சுமக்கும் பணியாளரின் கூலி மீதே விழுகிறது. கட்டணத் திட்டம் தீட்டும் அலுவலர் முதலில் கவனிக்க வேண்டிய இடர் இதுவே.

கேரளத்தின் அனுபவம்

கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டு இப்பணியைப் பரவலாக நடத்திய மாநிலம் கேரளம். நகரத்துக் குப்பையைக் கிராமத்தில் கொட்டுவதன் துன்பத்தை அம்மாநிலம் நேரில் கண்டது. திருவனந்தபுரம் நகரின் குப்பை சென்ற விளப்பில்சாலை ஆலை மக்கள் எதிர்ப்பால் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. கொச்சி நகரின் குப்பை சேர்ந்த பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் மூண்ட தீ பல நாள் எரிந்தது.

கழிவை அது தோன்றும் இடத்திலேயே பிரித்துக் கையாள்வது என்னும் நோக்குடன் 2016 டிசம்பரில் ஹரித கேரளம் இயக்கம் தொடங்கியது. அதன் வழியே ஹரித கர்ம சேனை உருவாயிற்று. இதில் பணிபுரிவோர் பெரும்பாலும் குடும்பஸ்ரீ மகளிர். மக்கும் குப்பையை வீட்டாரே உரமாக்க வேண்டும். மக்காத, உலர்ந்த குப்பையைச் சேனை மகளிர் வீடு வீடாகச் சென்று பெறுவர். அது ஊராட்சியின் சேகரிப்பு நிலையத்தில் வகை பிரிக்கப்படும். விலைபோகும் பொருள் விற்கப்படும். விலைபோகாதது கிளீன் கேரளா நிறுவனத்தின் வழியாக அகற்றப்படும். கிராம ஊராட்சிகளில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்பது பொதுவான கட்டணமாயிற்று. சேனை மகளிர் வருவாயில் பெரும்பகுதி இக்கட்டணமே.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “எங்கள் வீட்டில் பிளாஸ்டிக்கே இல்லை” என்றனர் சிலர். “இதைக் கட்டாயமாக்கச் சட்டம் உண்டா?” என்று கேட்டனர் வேறு சிலர். 2024இல் ஊராட்சிச் சட்டம் திருத்தப்பட்டு, நிலுவைக் கட்டணத்தை வரி நிலுவை போல வசூலிக்க வழி செய்யப்பட்டது. வீட்டு வாயிலில் ஒட்டிய குறியீட்டைக் கைப்பேசியில் பதிந்து, சேவை நடந்த நாளையும் கட்டணத்தையும் பதிவு செய்யும் முறையும் வந்தது. இப்பதிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறது: பணம் தராத வீடும் தெரியும், பணியாளர் வராத வீடும் தெரியும்.

ஆயினும் கேரளத்தின் ஊராட்சிகள் அளவில் பெரியவை. மற்ற மாநிலங்களின் சிறு ஊராட்சி ஒவ்வொன்றும் தனித்தனியே சேகரிப்பு நிலையம் நடத்த முற்பட்டால் செலவு தாங்காது. அங்கே பல ஊராட்சிகள் கூடி, ஒன்றிய அளவில் ஒரு பொது நிலையம் அமைப்பதே பொருந்தும்.

வரியா, கட்டணமா?

வரி என்பது பொதுச் சுமை; கட்டணம் என்பது பெற்ற சேவைக்கு ஈடு. 1954இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிய வேறுபாடு இது. இதைக் கிராமத்து மக்கள் சட்டம் படிக்காமலேயே அறிவர். வண்டி வராத மாதத்துக்குப் பணம் கேட்டால், “எதற்கு?” என்ற கேள்வி உடனே பிறக்கும். அக்கேள்வி நியாயமானது.

எனவே கட்டணத்துக்கு முன் சேவை வர வேண்டும். எந்த நாளில் வண்டி வரும் என்பது முன்னரே அறிவிக்கப்பட்டு, சில மாதங்களேனும் தவறாமல் வர வேண்டும். வரவையும் செலவையும் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். ஓலைக் குடிசைக்கும் மாடி வீட்டுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒரே தொகை என்பது சமமாகத் தோன்றினும் நீதியாகாது. கடைகளும் மண்டபங்களும் கூடுதலாகச் செலுத்துவதும், மிக வறிய குடும்பங்கள் விலக்குப் பெறுவதும் முறை. அவ்விலக்கினால் ஏற்படும் குறையைப் பணியாளர் தலையில் ஏற்றாமல் ஊராட்சி தன் பொதுநிதியிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். குறைந்தபட்ச ஊதியத்துக்கு உறுதி தர வேண்டும். கையுறையும் காலணியும் சலுகைகள் அல்ல, பணியின் கருவிகள் என்பதையும் மறத்தலாகாது.

கட்டணம் முழுச் செலவையும் ஈடுசெய்யாது; அதை எதிர்பார்ப்பதும் பிழை. ஆனால் மாதம் 50 ரூபாய் கொடுக்கும் வீட்டார் தம் குப்பை எங்கே செல்கிறது என்று கேட்கும் உரிமையைப் பெறுகின்றனர். அக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை ஊராட்சிக்கு உண்டாகிறது. வாங்கிய குப்பை ஊர் எல்லையில் கொட்டி எரிக்கப்படுமானால் கட்டணம் கேட்கும் தகுதியை ஊராட்சி இழந்துவிடும். பிரித்துக் கொடுக்கும் வீடு, தவறாது வரும் வண்டி, குறையாத கூலி, மறைக்காத கணக்கு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. இவற்றுள் எது தளர்ந்தாலும் திட்டம் கொட்டகையோடு நின்றுவிடும். நான்கும் உறுதியாக நின்றால், கிராமத்துக் குப்பையில் ஒரு பங்கு மீண்டும் எருவாகும். மறு பங்கு எவர் வாசலுக்கும் தீங்கின்றி அகலும்.