பெட்டி கொடுப்போம், பாக்கி வைக்க வேண்டாம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் மார்கழி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்முடைய சமையல் ஆர்வலர் குழு இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வீடு "சமையல் பெட்டி" மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறது. இதுவரை 24 வீடுகள் பெயர் கொடுத்திருக்கின்றன. அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்குச் சமையல் பெட்டியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். ஓய்வுக்குப் பிறகு எங்கள் வீட்டில் காலை டிபன் என் பொறுப்பு. அது ஒரு தகுதி. கொடுத்தது எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. அது இன்னொரு தகுதி. இன்று பேசப்போவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றித்தான்.

முதலில் ஒன்று. இது ஏதோ புதுப் பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தலைப்பொங்கலுக்குப் பெண் வீட்டிலிருந்து என்ன வரும்? வெண்கலப் பானை, கரண்டி, பச்சரிசி, வெல்லம், தேங்காய், கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைத்தார். அத்தனையும் அடுப்படிச் சாமான். புது வீட்டில் நம் பிள்ளை அடுப்பு மூட்டும்போது கைக்கு எல்லாம் இருக்க வேண்டும் என்ற கவலையில் வந்த சீர் அது. அதேபோல கல்யாணமான பெண்ணுக்கு அம்மா கொடுத்துவிடும் அஞ்சறைப் பெட்டி. பெயரில் அறை ஐந்து. இப்போது கடையில் வாங்கும் எவர்சில்வர் பெட்டியில் பெரும்பாலும் ஏழு கிண்ணம். கடுகு, உளுந்து, சீரகம், மிளகு, வெந்தயம் என்று அம்மா நிரப்பிக் கொடுத்தால், அதைவிட நல்ல சமையல் பெட்டியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பெட்டிக்குப் பெட்டியும் நம்மிடம் உண்டு. செட்டிநாட்டில் பனை ஓலையில் கொட்டான் முடைவார்கள். விசேஷ வீடுகளில் அதில்தான் பலகாரம் வைத்துக் கொடுப்பார்கள். நடுவில் பிளாஸ்டிக் வந்து அந்தக் கைவேலை மங்கிப்போய், பிறகு சிலர் முயற்சி எடுத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தார்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு இன்று புவிசார் குறியீடும் இருக்கிறது.

இன்னொரு வழக்கம் எல்லா வீட்டிலும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒரு கை சர்க்கரையோ, இரண்டு வாழைப்பழமோ வைத்துத்தான் கொடுப்பார்கள். ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி வந்த தூக்குவாளி, கிறிஸ்துமஸுக்குக் கலகலா வந்த டப்பா, தீபாவளிக்கு அதிரசம் போன சம்புடம், எதுவும் காலியாகத் திரும்பியதில்லை. கவனியுங்கள், வந்தது பிரியாணியாக இருக்கும். போனது ஒரு கை சர்க்கரையாக இருக்கும். சமமா என்று யாரும் எடை போடவில்லை.

எடை போடுகிற வழக்கம் ஒன்றும் நம் பக்கம் இருக்கிறது. அதுதான் மொய். உசிலம்பட்டிப் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெயர், ஊர், தொகை என்று நோட்டில் எழுதுவார்கள். இப்போது கம்ப்யூட்டர் வைத்து ரசீதே கொடுக்கிறார்கள். அவர் வீட்டு விசேஷம் வரும்போது அந்தத் தொகையோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். நான் மொய்யைக் குறை சொல்லவில்லை. வட்டியில்லாமல் ஒரு குடும்பத்துக்குக் கல்யாணச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுக்கும் ஏற்பாடு அது. எங்கள் பேங்க் கடனைவிடச் சுலபம், ஜாமீன்கூடக் கேட்பதில்லை. ஆனால் அது கடன். கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

பலகாரம் கடன் அல்ல. அது மொய்யாக மாறும்போதுதான் சங்கடம் தொடங்குகிறது.

போன தீபாவளிக்கு நம் குடியிருப்பில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வீட்டில் தங்க நிறப் பெட்டியில் முந்திரி, பாதாம், உலர்ந்த அத்திப்பழம் வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். அடுத்த வீட்டுக்காரர் அதற்குக் குறையாமல் வாங்க வேண்டியதாயிற்று. அதற்கடுத்த வீடு அதைவிடப் பெரிதாக. பிரிக்காமலே கைமாறிக் கைமாறி, ஒரு பெட்டி ஐந்தாம் நாள் முதலில் வாங்கியவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான்.

சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்கிறேன். நம் குடியிருப்பில் ஒரு அம்மா குடும்ப பென்ஷனில் தனியாக இருக்கிறார். எந்த மாடி என்று சொல்லப் போவதில்லை. வருஷா வருஷம் கைமுறுக்கு சுற்றி எல்லா வீட்டுக்கும் நான்கு நான்காகக் கொடுத்துவிடுவார். போன தீபாவளிக்கு ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டார். அவர் ஊருக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் இருந்தார். பிறகு என் மனைவியிடம் சொன்னார்: "எழுநூறு ரூபா பெட்டியைக் கையில வாங்கிட்டு, பதிலுக்கு நாலு முறுக்கை நீட்டக் கூச்சமா இருக்கு தங்கச்சி." அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை இங்கே சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார். விஷயத்தைச் சொல்லுங்கள் என்றார்.

நமக்கு நஷ்டம் முறுக்கு மட்டும் அல்ல. ஒரு பண்டிகை நாளில், நம் நடுவே ஒருவர் இல்லாததுபோல் இருக்க வேண்டி வந்ததே, அதுதான் நஷ்டம். பரிசு பெரிதாகப் பெரிதாக, திருப்பிக் கொடுக்க முடியாதவர் ஒதுங்கிக்கொள்கிறார். யாரும் அவரை ஒதுக்கவில்லை. ஆனாலும் அவர் வெளியே நிற்கிறார்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. ஜப்பானியர் வருஷ நடுவிலும் வருஷக் கடைசியிலும் ஒருவருக்கொருவர் தின்பண்டப் பெட்டி அனுப்பும் வழக்கம் உள்ளவர்கள். அங்கே விசேஷங்களுக்கு வந்த பரிசுக்குப் பதில் செய்யும்போது, வந்ததில் ஏறக்குறையப் பாதி மதிப்புக்குத் திருப்பினால் போதும் என்று ஒரு முறை உண்டு. அதற்கு "ஹங்காயேஷி" என்று தனிப் பெயரே இருக்கிறது. எல்லோரும் அந்த முறையில் நின்றால், ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டே போக வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் நமக்கு இன்னும் எளிய வழி ஒன்று இருக்கிறது. அது நான் பேங்கில் பார்த்தது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன், செக் கிளியரிங் என்றால் ஊரில் உள்ள எல்லா பேங்குகளின் ஆட்களும் ஒரே இடத்தில் கூடுவார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குரிய செக் கட்டுகளைக் கொடுப்பார்கள், தங்களுடையதை வாங்கிக்கொள்வார்கள். கடைசியில் இந்த பேங்குக்கு அந்த பேங்க் தனியாக எவ்வளவு என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கூட்டல் கழித்தல். மொத்தம் டேலி ஆனால் வீட்டுக்குப் போகலாம்.

நம் பெட்டியையும் அப்படிச் செய்வோம். 24 வீட்டுப் பெயர்களையும் சீட்டில் எழுதிக் குலுக்குவோம். எடுக்க எடுக்க வரிசையாகப் பலகையில் எழுதுவோம். முதல் வீடு இரண்டாம் வீட்டுக்குப் பெட்டி கொடுக்கும். இரண்டாம் வீடு மூன்றாம் வீட்டுக்கு. 24-ஆம் வீடு முதல் வீட்டுக்கு. இப்படி வட்டமாகப் போனால் தன் சீட்டே தனக்கு வராது. இருவர் மட்டும் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, உன்னுடையது பெரிதா என்னுடையது பெரிதா என்று பார்க்கவும் வழியில்லை. எல்லோரும் ஒன்று கொடுப்போம், ஒன்று வாங்குவோம். யாருக்கும் யாரும் பாக்கி இல்லை.

குழு வைத்திருக்கும் நிபந்தனை மூன்று. கடையில் வாங்கிச் சேர்க்கும் சாமான் 300 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஒரு பொருளாவது கையால் செய்ததாக இருக்க வேண்டும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு சீட்டு எழுதி வைக்க வேண்டும்.

300 ரூபாயில் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம். யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசித்தால் நிறையக் கிடைக்கும். பெட்டி கட்டுவதற்கு முன் அந்த வீட்டுக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். என்ன சாப்பிட மாட்டீர்கள்? எந்த அடுப்பு? எத்தனை பேர்?

சர்க்கரை நோய் உள்ள வீட்டுக்கு வெல்லமோ கருப்பட்டியோ கொடுத்துவிட்டு, இது சீனி இல்லையே என்று சொல்லாதீர்கள். இரண்டும் சர்க்கரைதான். அங்கே பருப்புப் பொடி கொடுங்கள், மணத்தக்காளி வத்தல் கொடுங்கள். இன்டக்ஷன் அடுப்பு மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கல்சட்டி கொடுத்தால் அலமாரியில்தான் இருக்கும். தட்டையான அடியுள்ள இரும்புத் தோசைக்கல் அதில் சூடாகும். கேஸ் அடுப்பு உள்ளவர்களுக்குச் சின்ன இரும்புத் தாளிப்புக் கரண்டி ஒன்று போதும், ஆயுசுக்கும் உங்கள் பெயர் சொல்லும். யாராவது கல்சட்டியே கொடுப்பதாக இருந்தால் பழக்கிக் கொடுங்கள். சில நாள் சூடான கஞ்சித் தண்ணீர் ஊற்றி வைத்து, எண்ணெய் தடவி, பிறகு சிறு தீயில் மெல்லச் சூடேற்றிப் பழக்க வேண்டும். எடுத்தவுடன் பெரிய தீயில் வைத்தால் விரிசல் விடும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய பித்தளைப் பாத்திரம் கொடுத்தால், உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பூசாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது.

சாமானுக்கு வெகுதூரம் போக வேண்டாம். ரயிலில் நமக்கு அடுத்த ஸ்டேஷன் சோழவந்தான். அந்த ஊர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெட்டியின் மேல் நான்கு வெற்றிலையும் பாக்கும் வைத்துப் பாருங்கள், அதன் மரியாதையே வேறு. ராமநாதபுரம் முண்டு மிளகாய், உடன்குடி கருப்பட்டி, கோவில்பட்டி கடலை மிட்டாய், கொடைக்கானல் மலைப்பூண்டு எல்லாம் குறியீடு பெற்றவை. முண்டு மிளகாயில் அரைத்த சாம்பார் பொடி 200 கிராம், கூடவே உங்கள் வீட்டு அளவு எழுதிய சீட்டு. அது போதும்.

பொடி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வறுத்ததை நன்றாக ஆறவிட்டு அரையுங்கள்; அரைத்ததையும் ஆறவிட்டு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பொடி கட்டிவிடும், பூசணம் பிடிக்கும். தேங்காய் சேர்த்தது அன்றைக்கே தீர வேண்டும். பூண்டை வெறும் எண்ணெயில் ஊறப்போட்டு வெளியில் வைத்துக் கொடுக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் விஷமாகும். டப்பா மேல் செய்த தேதி, என்னென்ன சேர்த்தோம் என்பதை எழுதுங்கள். வேர்க்கடலை, முந்திரி, எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். கோதுமை ஆகாதவர்களுக்குப் பெருங்காயம்கூடச் சேராமல் போகலாம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். வெங்காயம் பூண்டு உண்டா, முட்டை உண்டா என்பதையும் எழுதிவிட்டால் வாங்குகிறவர் கேட்கச் சங்கடப்பட வேண்டாம்.

இந்த மேடையில் ஆண்கள் அதிகம் இருப்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொங்கல் வந்தால் வீட்டுப் பெண்களுக்கு ஏற்கெனவே நான்கு நாள் வேலை. அதன் மேல் இந்தப் பெட்டியையும் ஏற்றினால் இது பரிசு இல்லை, தண்டனை. அதனால்தான் பரிமாற்றத்தைப் போகிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறோம். மிளகாய் வறுக்கும்போது வரும் நெடியை ஆண்களும் கொஞ்சம் அனுபவிக்கலாம். தும்மினால் ஒன்றும் ஆகாது.

நம் காவலர்களுக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் சங்கத்தின் சார்பில் பெட்டி உண்டு. அவர்களிடமும் அதே மூன்று கேள்வியைக் கேட்டுத்தான் கட்டுவோம். அவர்கள் பெட்டி அன்றைக்கே முதலில் போக வேண்டும். மூன்றாம் நாள் மிச்சத்தைக் கொடுத்துவிட்டு அதற்குப் பரிசு என்று பெயர் வைக்கக் கூடாது.

அந்த அம்மா பெயர் கொடுத்துவிட்டாரா என்று உங்களில் சிலர் யோசிப்பது தெரிகிறது. பட்டியலில் 24 பெயர் இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். யாருக்கு யார் சீட்டு வரும் என்று இப்போது எனக்கும் தெரியாது. கைமுறுக்கு யார் வீட்டுக்கு வந்தாலும், அந்த வீட்டுக்கு யோகம்தான்.

இன்னும் சேர விரும்புகிறவர்கள் மார்கழி 20-க்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வட்டம் எத்தனை பெரிதானாலும் டேலி ஆகும், அதற்கு நான் பொறுப்பு.